பிரியும் பங்குதாரரின் ஷேருக்கு என்ன விலை?

பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் பங்குதாரர்களுக்குள் முறிவு ஏற்பட்டு, வழக்கு தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் வரை போய்விட்டால், பல வழக்குகள் ஒரே இடத்தில்தான் வந்து முடிகின்றன. ஒரு தரப்பு மற்றத் தரப்பின் ஷேர்களை வாங்கிக்கொண்டு கம்பெனியைத் தொடர்ந்து நடத்த வேண்டும் என்பதே அந்த முடிவு. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 241ஆம் பிரிவு, சிறுபான்மைப் பங்குதாரர் ஒடுக்கப்படுவதாகவோ நிர்வாகம் சீர்கெட்டிருப்பதாகவோ மனு கொடுக்க வழி தருகிறது. ஓர் உறுப்பினரின் ஷேர்களை மற்ற உறுப்பினர்களோ கம்பெனியோ வாங்கும்படி உத்தரவிடும் அதிகாரத்தை 242ஆம் பிரிவு தீர்ப்பாயத்துக்குக் கொடுக்கிறது. கம்பெனியே வாங்கினால் அந்த அளவுக்கு அதன் மூலதனம் குறையும். மனு கொடுக்க, பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு மூலதனமாவது கையில் இருக்க வேண்டும். அல்லது மனுதாரர்கள் மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்காவது, இல்லையென்றால் நூறு பேராவது இருக்க வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் தீர்ப்பாயம் இந்த வரம்பைத் தளர்த்தவும் செய்யும்.

யார் வாங்குவது, யார் விற்பது என்பது முடிவானதும் சண்டை ஓய்ந்துவிட்டதாக இரு தரப்பும் நினைப்பதுண்டு. உண்மையில் அதன் பிறகுதான் பணம் சம்பந்தப்பட்ட சண்டை தொடங்குகிறது. "நியாயமான விலைக்கு வாங்கிக்கொள்ளவும், விலையைச் சுயேச்சையான மதிப்பீட்டாளர் நிர்ணயிப்பார்" என்று ஒற்றை வரியில் உத்தரவு வந்தால், அந்த வரிக்குள் கோடிக்கணக்கான ரூபாய் வேறுபாடு ஒளிந்திருக்கிறது. எந்தத் தேதியில் மதிப்பிடுவது, கம்பெனி முழுவதற்கும் விலை கண்டு பங்கு பிரிப்பதா அல்லது சிறுபான்மைப் பங்கு என்று குறைப்பதா, நிலத்தை எந்த விலைக்கு எடுப்பது, கணக்கில் காட்டிய லாபத்தை எப்படித் திருத்துவது? மதிப்பீட்டாளர் கணக்குப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே இந்தக் கேள்விகளுக்குப் பதில் முடிவாகியிருக்க வேண்டும். அறிக்கை வந்த பிறகு தொகையைப் பார்த்து அதிர்ந்து வழக்கறிஞரிடம் ஓடுபவர்கள் ஏறக்குறைய எப்போதும் தாமதமாகவே ஓடுகிறார்கள்.

ஒரே ஷேருக்கு எவ்வளவு தூரம் வேறுபட்ட விலைகளை நம்பிக்கையோடு சொல்ல முடியும் என்பதற்கு நாடறிந்த உதாரணம் டாடா சன்ஸ். 2020இல் உச்ச நீதிமன்றத்தின் முன் ஷாபூர்ஜி பல்லோன்ஜி குழுமம் தன் 18.37 சதவீதப் பங்கின் மதிப்பை 1.75 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்றது. டாடா தரப்பு சொன்ன தொகை 70,000 முதல் 80,000 கோடி. 2021 மார்ச் 26 அன்று வந்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்த விலையைத் தானே நிர்ணயிக்க முன்வரவில்லை. டாடா சன்ஸின் கையிலுள்ள பட்டியலிட்ட, பட்டியலிடாத கம்பெனிப் பங்குகள், அசையாச் சொத்துகள் எனப் பலவற்றை ஆராயாமல் அது முடியாது என்று கூறி, தரப்பினரே சட்டப்படியான வழியில் பார்த்துக்கொள்ள விட்டுவிட்டது. நாட்டின் மிகச் சிறந்த வழக்கறிஞர்களும் ஆடிட்டர்களும் இருந்த வழக்கிலேயே இடைவெளி இரு மடங்கு. திருப்பூரிலோ சிவகாசியிலோ உள்ள ஒரு குடும்பக் கம்பெனியில் அது மூன்று, நான்கு மடங்காக இருந்தால் வியப்பதற்கில்லை.

ஒரே கம்பெனி, பல விலைகள்

கற்பனையான ஒரு பின்னலாடைக் கம்பெனியை எடுத்துக்கொள்ளலாம். தலா 100 ரூபாய் முகமதிப்புள்ள 10,000 ஷேர்கள். மூலதனம் 10 லட்சம். அண்ணன், தம்பி இருவரும் டைரக்டர்கள். இருவரிடமும் சேர்ந்து 75 சதவீதம். மீதி 25 சதவீதம், அதாவது 2,500 ஷேர்கள், அவர்களுடைய அத்தை மகனிடம். தொழில் தொடங்கியபோது அவரும் பணம் போட்டார், தொழிற்கூடத்தில் நின்று உழைத்தார். பிறகு டைரக்டர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். பத்து ஆண்டுகளாக டிவிடெண்ட் ஒரு ரூபாய்கூட வரவில்லை.

கம்பெனியின் பேலன்ஸ் ஷீட் இப்படி இருக்கிறது. 1994இல் 6 லட்சத்துக்கு வாங்கிய இரண்டு ஏக்கர் நிலம் இன்றும் 6 லட்சமாகவே எழுதப்பட்டிருக்கிறது. தேய்மானம் போக இயந்திரங்கள் 2.2 கோடி. சரக்கும் வரவேண்டிய பாக்கியும் 5 கோடி. எதிர்ப்பக்கம் வங்கிக் கடன் 3.5 கோடி, நூல் வியாபாரிகளுக்கும் பிறருக்கும் தரவேண்டியது 76 லட்சம். கழித்துப் பார்த்தால் நிகரம் 3 கோடி. ஒரு ஷேருக்கு 3,000 ரூபாய். அத்தை மகனின் பங்குக்கு 75 லட்சம். வாங்கும் தரப்பின் முதல் கடிதத்தில் வரும் தொகை பெரும்பாலும் இதுதான்.

நிலத்தின் இன்றைய சந்தை விலை 9 கோடி என்றால் கணக்கு தலைகீழாகிறது. நிகரம் 11.94 கோடி, ஷேருக்கு 11,940 ரூபாய், 25 சதவீதத்துக்கு 2.98 கோடிக்கு மேல். பத்திரப்பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பு 5 கோடிதான் என்று வைத்துக்கொண்டால் ஷேருக்கு 7,940. இவை மூன்றும் சொத்து முறைக் கணக்குகள்.

ஆனால் கம்பெனி மூடப்படப் போவதில்லை, ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடும் தொழிலின் ஷேரை முதலில் அதன் வருவாயைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்று 1972இல் மகாதேவ் ஜாலான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது செல்வ வரி வழக்குதான். ஆனாலும் அதன் தர்க்கம் இன்றுவரை எடுத்தாளப்படுகிறது. கலைக்கும் நிலைக்கு வந்துவிட்ட கம்பெனி போன்ற விதிவிலக்கான நிலைமைகளிலேயே சொத்தைப் பிரித்து விற்றால் என்ன கிடைக்கும் என்ற கணக்கு பொருந்தும் என்பது அதன் சாரம். நம் கம்பெனியின் வரிக்குப் பிந்தைய சராசரி லாபம் 60 லட்சம். இத்தகைய தொழிலில் முதலீட்டாளர் எதிர்பார்க்கும் வருவாய் 15 சதவீதம் என்று கொண்டால், மதிப்பு 4 கோடி. ஷேருக்கு 4,000 ரூபாய்.

இங்கேதான் உற்றுப் பார்க்க வேண்டும். அந்த 60 லட்சம் உண்மையான லாபம்தானா? டைரக்டர்கள் இருவரும் ஆளுக்கு 30 லட்சம் சம்பளம் எடுக்கிறார்கள். அதே வேலைக்கு வெளியாட்களை வைத்தால் இருவருக்கும் சேர்த்து 36 லட்சம் போதும். தம்பி மனைவியின் பெயரிலுள்ள கிடங்குக்குச் சந்தை வாடகையைவிட ஆண்டுக்கு 8 லட்சம் கூடுதலாகப் போகிறது. ஆக 32 லட்சம், லாபமாக வரவேண்டியது செலவாகப் போயிருக்கிறது. சுமார் 25 சதவீதம் வரி கழித்தால் 24 லட்சம். திருத்திய லாபம் 84 லட்சம், மதிப்பு 5.6 கோடி, ஷேருக்கு 5,600. டிவிடெண்டே இல்லாமல் பத்து ஆண்டுகள் இருந்தவருக்கு இந்தத் திருத்தம் சலுகை அன்று, உரிமை. லாபம் டிவிடெண்டாகப் போயிருந்தால் அவருக்கும் பங்கு வந்திருக்கும். சம்பளமாகவும் வாடகையாகவும் போனதால் வரவில்லை.

இன்னொன்று மீதமிருக்கிறது. இரண்டு ஏக்கரில் கட்டடம் இருப்பது ஒரு ஏக்கரில். மற்றது சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அது இல்லாமலும் இதே 84 லட்சம் லாபம் வரும். வருவாய் முறையில் மதிப்பிடும்போது தொழிலுக்குத் தேவைப்படாத சொத்தைத் தனியாகக் கூட்ட வேண்டும். அந்த ஏக்கரின் 4.5 கோடியைச் சேர்த்தால் 10.1 கோடி, ஷேருக்கு 10,100, அத்தை மகனின் பங்குக்கு 2.52 கோடிக்கு மேல். அதை விற்றால் கட்டவேண்டிய வரியைக் கழிக்க வேண்டும் என்று வாங்குபவர் வாதிடுவார்; அது நியாயமான வாதம்தான். காலியிடம் இருக்கிறது என்பதே மதிப்பீட்டாளருக்குச் சொல்லப்படாவிட்டால் இந்த வாதத்துக்கும் இடமிருக்காது, தொகைக்கும் இடமிருக்காது.

75 லட்சத்திலிருந்து கிட்டத்தட்ட 3 கோடி வரை. இதில் எந்தக் கணக்கிலும் கூட்டல் பிழை இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆடிட்டர் கையெழுத்திடுவார்.

எதிர்காலப் பணவரவை இன்றைய மதிப்புக்குத் தள்ளிக் கணக்கிடும் முறையை இப்போது மதிப்பீட்டாளர்கள் அதிகம் விரும்புகிறார்கள். வளர்ந்துவரும் தொழிலுக்கு அது பொருத்தமானதே. ஆனால் அதன் விடை, போடும் அனுமானத்துக்கு ஏற்ப வெகுவாக ஆடும். அதே 84 லட்சத்தை அடுத்த ஆண்டின் பணவரவாகக் கொண்டு, எதிர்பார்க்கும் வருவாய் 15 சதவீதம், வளர்ச்சி 3 சதவீதம் என்றால் மதிப்பு 7 கோடி. வளர்ச்சியை 5 ஆக்கினால் 8.4 கோடி. எதிர்பார்க்கும் வருவாயை 18 ஆக்கி வளர்ச்சியை 3இலேயே வைத்தால் 5.6 கோடி. எதிர்கால வரவுக் கணிப்பைத் தயாரித்துக் கொடுப்பது கம்பெனி நிர்வாகம், அதாவது வாங்கும் தரப்பு. மதிப்பீட்டுக்காகக் கொடுத்த கணிப்பு அடக்கமாக இருக்கும். ஓராண்டுக்கு முன் கடன் கேட்டு வங்கிக்குக் கொடுத்த திட்ட அறிக்கையில் விற்பனை பறந்துகொண்டிருக்கும். வங்கியிடம் உள்ள அந்தப் பிரதியைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைக்கும்படி மதிப்பீட்டாளரை வற்புறுத்துவது விற்பவரின் முதல் வேலை.

சிறுபான்மைக் கழிவு

25 சதவீதப் பங்கை வைத்துக்கொண்டு டைரக்டரை நியமிக்க முடியாது, டிவிடெண்ட் அறிவிக்க வைக்க முடியாது. வெளிச்சந்தையில் அதை வாங்க ஆளும் கிடைக்காது. ஆகவே கம்பெனி மதிப்பின் கால் பங்கைவிடக் குறைத்தே விலை கொடுக்க வேண்டும் என்பது வாங்கும் தரப்பின் வாதம். மேற்சொன்ன 2.52 கோடியில் 25 சதவீதம் கழித்தால் 63 லட்சம் போய்விடும்.

இந்தக் கேள்வியில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது பேர்ட் பிரிசிஷன் பெல்லோஸ் என்ற இங்கிலாந்து வழக்கு. 1984இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. பரஸ்பர நம்பிக்கையின் பேரில் தொடங்கி, எல்லோரும் நிர்வாகத்தில் பங்கெடுக்கும் ஏற்பாட்டில் நடந்த கம்பெனியிலிருந்து ஒருவர் வெளியேற்றப்பட்டால், அவருக்குக் கழிவு இல்லாமல் விகிதப்படி விலை தரவேண்டும் என்பது அதன் நெறி. தானாக விரும்பி விற்பவராக அவரைக் கருத முடியாது. வெறும் முதலீடாக வாங்கிய சிறுபான்மைப் பங்குக்கு இதே பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். இங்கிலாந்திலேயே 2006இல் இர்வைன் வழக்கில் 49.96 சதவீதப் பங்கு சிறுபான்மைப் பங்காகவே மதிப்பிடப்பட்டது. பாதிக்கு ஒரு நூலிழை குறைவு. ஆனாலும் விகிதப்படி விலை மறுக்கப்பட்டது.

இந்தியத் தீர்ப்பாயங்களும் இந்த வழக்குகளை எடுத்துக்காட்டுவதுண்டு. கூட்டு நிறுவனம் போல நடந்த குடும்பக் கம்பெனியில் கழிவு கேட்பது அநீதி என்பதே சரியான நிலைப்பாடு. ஒடுக்கியவரே ஒடுக்குமுறையின் பலனைத் தள்ளுபடியாகப் பெறுவதில் நியாயம் எதுவும் இல்லை. ஆனால் இந்தப் பாதுகாப்பு தானாக வராது. மனுவிலேயே கம்பெனி எப்படித் தொடங்கியது, யார் என்ன வேலை செய்தார்கள், டைரக்டர் பதவி பற்றி என்ன பேச்சு இருந்தது என்பதைச் சாட்சியங்களோடு சொல்லியிருக்க வேண்டும். உத்தரவில் "சிறுபான்மைக் கழிவும், விற்பனைத் தடைக் கழிவும் இல்லாமல், முழுக் கம்பெனியின் மதிப்பில் விகிதப்படி" என்ற சொற்கள் இடம்பெறும்படி கேட்க வேண்டும். அந்தச் சொற்கள் இல்லாத உத்தரவின் கீழ் மதிப்பீட்டாளர் கழிவு போட்டுவிட்டால், அதை அவருடைய தவறு என்று நிரூபிப்பது கடினம்.

எந்தத் தேதி?

மனு போட்ட நாள், உத்தரவு வந்த நாள், ஒடுக்குமுறை தொடங்கிய நாள் ஆகிய மூன்றில் எதையும் தீர்ப்பாயம் தேர்ந்தெடுக்கலாம். கணக்கு கையில் இருக்கும் என்பதால் மனு நாளுக்கு அருகிலுள்ள மார்ச் 31 வசதியாக எடுத்துக்கொள்ளப்படுவதுண்டு. இங்கிலாந்தில் 2001ஆம் ஆண்டின் பிரோஃபைனான்ஸ் வழக்கு, வாங்கச் சொல்லும் உத்தரவின் நாளையே தொடக்கப் புள்ளியாக வைத்தது. நியாயம் கருதி முந்தைய தேதிக்குப் போகலாம் என்றும் அதே தீர்ப்பு ஏற்கிறது.

வழக்கு ஆறேழு ஆண்டுகள் நீண்டால் தேதியின் எடை மிகப் பெரிது. மனு போட்ட பிறகு அண்ணனும் தம்பியும் புதிய கூட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கி ஏற்றுமதி ஆர்டர்களை அங்கே திருப்பிவிட்டால், உத்தரவு நாளில் கம்பெனி காலிக் கூடாக இருக்கும். விற்பவர் மனு நாளையே கேட்க வேண்டும். மாறாக நிலத்தின் விலை மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் பிந்தைய தேதி அவருக்கு நல்லது. மனு நாளுக்குப் பிறகு வாங்கும் தரப்பு தன் உழைப்பாலும் புதிய முதலீட்டாலும் தொழிலை வளர்த்திருந்தால், அந்த வளர்ச்சியில் வெளியேறியவருக்குப் பங்கு தர மறுப்பதும் நியாயமே. பழைய தேதியை ஏற்கும்போது அன்றிலிருந்து பணம் கைக்கு வரும் நாள் வரை வட்டி கேட்க மறக்கவே கூடாது. வட்டி இல்லாத பழைய தேதி என்பது, வெளியேறுபவரின் பணத்தை வாங்குபவர் இத்தனை ஆண்டும் இலவசமாகப் புரட்டியதற்கு ஒப்புதல்.

ஷேரை உண்மை மதிப்புக்குக் கீழே பெற்றவர் வித்தியாசத்தைத் திருப்பித் தரவேண்டி வரலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. நீலகிரியில் கேத்தியிலுள்ள ஊசித் தொழிற்சாலையான நீடில் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில், இங்கிலாந்துப் பங்குதாரருக்கு உரிமை ஷேர் அறிவிப்பு உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. அவர்களுக்குச் சேரவேண்டிய 9,495 ஷேர்களை இந்தியத் தரப்பு 100 ரூபாய் முகமதிப்புக்கே எடுத்துக்கொண்டது. 1981இல் உச்ச நீதிமன்றம் இதை ஒடுக்குமுறை என்று சொல்லவில்லை. ஆனாலும் ஷேரின் சந்தை மதிப்பு 190 ரூபாய் என்று கொண்டு, ஷேருக்கு 90 ரூபாய் வீதம் 8,54,550 ரூபாயை இங்கிலாந்துத் தரப்புக்குக் கொடுக்க உத்தரவிட்டது. ஒடுக்குமுறை நிரூபணமாகாவிட்டாலும் நியாயம் செய்யும் அதிகாரம் மன்றத்துக்கு உண்டு என்பதை நிலைநாட்டிய தீர்ப்பு அது.

மதிப்பீட்டாளரும் ஆதாரங்களும்

கம்பெனிகள் சட்டத்தின் 247ஆம் பிரிவு பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அது 2017 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. நிலமும் கட்டடமும், ஆலையும் இயந்திரமும், பங்கும் நிதிச் சொத்தும் என மூன்று பிரிவுகளில் தனித்தனிப் பதிவு உண்டு. ஷேரை மதிப்பிடுபவர் மூன்றாம் பிரிவைச் சேர்ந்தவர். நிலத்துக்குத் தானே மனம்போல் விலை போட அவருக்குத் தகுதியில்லை. நிலத்தைப் பொறுத்தவரை அதற்குரிய மதிப்பீட்டாளரின் தனி அறிக்கையை அவர் பெற வேண்டும் என்று உத்தரவிலேயே எழுதச் செய்வது நல்லது. மதிப்பீட்டுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளிலும் பிந்தைய மூன்று ஆண்டுகளிலும் அந்தச் சொத்தில் மதிப்பீட்டாளருக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ எந்தச் சம்பந்தமும் இருக்கக் கூடாது என்பது சட்டம். கம்பெனியின் ஆடிட்டரையே மதிப்பீட்டாளராகப் போடலாம் என்ற யோசனை வந்தால் உடனே மறுத்துவிட வேண்டும். ஆண்டுதோறும் நிர்வாகத்திடம் கட்டணம் வாங்குபவர் இரு தரப்புக்கும் பொதுவான ஆளாக இருக்க முடியாது.

டைரக்டராக இல்லாத பங்குதாரருக்குக் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை மிகக் குறைவு. ஆண்டறிக்கையும் சட்டப்படியான சில பதிவேடுகளும்தான் அவருக்கு எட்டும். எனவே மனுவோடு சேர்த்தே 242ஆம் பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவு கேட்க வேண்டும்: கணக்குகளைப் பார்வையிட அனுமதி, சொத்துகளை விற்கவோ அடமானம் வைக்கவோ தடை. டைரக்டராக இருப்பவர் பதவி போவதற்கு முன்பே, அந்த உரிமையைக் கொண்டு பார்க்க வேண்டியவற்றைப் பார்த்து நகல் எடுத்து வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

பேலன்ஸ் ஷீட்டை மற்ற ஆவணங்களோடு ஒத்துப் பார்த்தால் பல விஷயங்கள் வெளிவரும். வங்கிக்கு மாதாமாதம் கொடுக்கும் சரக்கு அறிக்கையில் ஒரு கையிருப்பும், ஆண்டுக் கணக்கில் அதைவிடக் குறைந்த கையிருப்பும் இருப்பது அடிக்கடி காணப்படும் முரண். ஜி.எஸ்.டி. தாக்கல்களில் காட்டிய விற்பனை, மின்வாரியக் கட்டண ரசீதில் தெரியும் மின்சாரச் செலவு, கூலி வேலைக்குப் போய்வந்த துணியின் சலான்கள் ஆகியவை உற்பத்தியின் அளவைக் காட்டிக்கொடுக்கும். விற்பனை பாதியாகக் குறைந்துவிட்டது என்று சொல்லும் கம்பெனியின் மின்கட்டணம் குறையாமலிருந்தால், அந்த ஒரு கேள்வியே மதிப்பீட்டாளரை உட்கார வைத்துவிடும். நிலத்துக்கு வில்லங்கச் சான்று, பட்டா, அக்கம்பக்கத்தில் அண்மையில் பதிவான கிரயப் பத்திரங்களின் நகல்கள் வேண்டும்.

கணக்கில் வராத ரொக்க விற்பனை பற்றி எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அதை நிரூபித்தால் லாபம் உயரும், விலையும் உயரும் என்பது உண்மை. ஆனால் மன்றத்தில் பதிவாகும் அந்தக் குற்றச்சாட்டு வரித்துறைக்கும் போய்ச் சேரலாம். வரியும் அபராதமும் கம்பெனியின் பொறுப்பாகி, அதே ஷேரின் மதிப்பைக் குறைக்கும். அந்தக் காலத்தில் டைரக்டராக இருந்தவர் குற்றம்சாட்டுபவரே என்றால் அவரும் பதில் சொல்ல வேண்டி வரும். ஆதாரம் கைவசம் இல்லாமல் கோபத்தில் எழுதக் கூடாத பத்தி இது.

கூட்டு வணிகத்தில்

லிமிடெட் கம்பெனியாகப் பதிவாகாத கூட்டு நிறுவனத்தில் தீர்ப்பாயத்துக்கு வேலையில்லை. உரிமையியல் நீதிமன்றமோ, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் நடுவர் மன்றமோதான். 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி, தனியாக இந்தச் சொத்து என்னுடையது என்று ஒரு கூட்டாளி கேட்க முடியாது. கடன்கள் போக மிஞ்சும் நிகரத்தில் அவருக்குப் பங்கு. குட்வில்லும் நிறுவனத்தின் சொத்தே; ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் அதையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். பலருக்குத் தெரியாத பிரிவு ஒன்று 37. கூட்டாளி இறந்தோ விலகியோ போன பின் கணக்குத் தீர்க்காமல் மற்றவர்கள் அதே சொத்தைக் கொண்டு தொழிலைத் தொடர்ந்தால், அவரோ அவருடைய வாரிசுகளோ, அவருடைய சொத்துப் பங்கைப் பயன்படுத்தியதால் கிடைத்த லாபத்தைக் கேட்கலாம்; அல்லது அந்தப் பங்கின் மேல் ஆண்டுக்கு 6 சதவீத வட்டி கேட்கலாம். எது அதிகம் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுடையது. கணவர் இறந்தபின் "பார்த்துச் செய்வோம்" என்ற வாக்குறுதியோடு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பெண்கள் இந்தப் பிரிவை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அறிக்கை வந்த பிறகு

வரைவு அறிக்கையை இரு தரப்புக்கும் கொடுத்து, ஆட்சேபங்களைக் கேட்டு, அவற்றுக்கு எழுத்தில் பதில் சொன்ன பிறகே இறுதி அறிக்கை தரவேண்டும் என்ற நடைமுறை உத்தரவிலேயே இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். இறுதி அறிக்கை வந்தபின் தீர்ப்பாயம் தலையிடும் வாய்ப்பு குறுகியது. மதிப்பீடு நிபுணரின் வேலை, நீதிமன்றம் அதற்கு மேல்முறையீட்டு மன்றமாக உட்காராது என்பதை உச்ச நீதிமன்றம் 1996இல் மிஹீர் மஃபத்லால் வழக்கிலும் வேறு வழக்குகளிலும் தெளிவாக்கியிருக்கிறது. "எங்கள் ஆடிட்டர் இதைவிடக் கூடுதலாகச் சொல்கிறார்" என்ற ஆட்சேபத்துக்கு மதிப்பில்லை. கேட்கப்படும் ஆட்சேபங்கள் வேறு வகை: உத்தரவு சொன்ன தேதியை விட்டுவிட்டார், ஒரு சொத்தையே கணக்கில் எடுக்கவில்லை, எங்கள் ஆவணங்களைப் பார்க்க மறுத்தார், ஒரே செலவை இரண்டு முறை கழித்தார், எதிர்த்தரப்போடு வணிகத் தொடர்பு உள்ளவர். பக்க எண்ணோடும் தொகையோடும் ஒவ்வொன்றையும் காட்ட வேண்டும். தீர்ப்பாயத்தின் உத்தரவை எதிர்த்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு 45 நாட்களுக்குள் போக வேண்டும். போதிய காரணம் இருந்தால் மேலும் 45 நாட்கள் வரை நீட்டிப்பு கிடைக்கும். அதற்கு மேல் உச்ச நீதிமன்றம், சட்டக் கேள்வி இருந்தால் மட்டும்.

மதிப்பீட்டாளரே வேண்டாம் என்று, ஒருவர் விலை சொல்ல மற்றவர் அதே விலைக்கு வாங்குவதா விற்பதா என்று தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டுக்கும் சில குடும்பங்கள் போகின்றன. விரைவான வழி அது. இரு தரப்பிடமும் பண வசதி சமமாக இருந்தால் நேர்மையானதும்கூட. ஒருவருக்கு மட்டும் வங்கி கடன் தரத் தயாராக இருந்தால், மற்றவர் என்ன விலை வந்தாலும் விற்கத்தான் முடியும். அவர் இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதிக்கக் கூடாது.

விலை முடிவானதும் வரியைப் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது. பட்டியலிடாத ஷேருக்கு வருமான வரிச் சட்டம் தனக்கென ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. மற்றச் சொத்துகள் பெரும்பாலும் கணக்கு மதிப்பில், நிலம் போன்ற அசையாச் சொத்து பத்திரப்பதிவு மதிப்பில் எடுக்கப்படும். நம் உதாரணத்தில் அது ஷேருக்கு 7,940 ரூபாய் அளவில் வரும். மதிப்பீட்டாளர் 5,600 என்று முடித்தால், விற்பவரின் மூலதன லாபத்தை 7,940 கிடைத்ததாகக் கொண்டே துறை கணக்கிடலாம். வாங்குபவருக்கும் ஷேருக்கு 2,340 வீதம், 2,500 ஷேருக்கு 58.5 லட்சம் வருமானமாகக் கருதப்படலாம். சட்டம் குறிப்பிடும் உறவினரிடமிருந்து வாங்கினால் வாங்குபவருக்கு விலக்கு உண்டு. அண்ணன் தம்பிக்குள் அது பொருந்தும். மாமன் மகன், அத்தை மகன் அந்தப் பட்டியலில் இல்லை. கம்பெனியே வாங்கினால் வரி முறை வேறு. அந்த விதிகள் அண்மையில் மாறியவை என்பதால் அன்றைய நிலையை ஆடிட்டரிடம் கேட்டே தீர வேண்டும்.

பணம் எத்தனை தவணை, தவறினால் என்ன வட்டி, முழுப் பணமும் வரும் வரை ஷேர்கள் யார் கையில், குறித்த நாளில் கட்டாவிட்டால் விற்பவருக்கே வாங்கும் உரிமை மாறுமா என்பவை உத்தரவில் இருக்க வேண்டும். சிறு நிறுவனம் என்ற வரையறைக்குள் வராத பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் ஷேரை மாற்ற டீமேட் கணக்கும் தேவை. விற்பவர் கம்பெனிக்குக் கொடுத்த கைமாற்றுக் கடன் ஷேர் விலையில் அடங்காது; அதைத் தனியாகத் தீர்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட அதிகம் மறக்கப்படுவது வங்கிக்குக் கொடுத்த தனிப்பட்ட ஜாமீன். ஷேரை விற்றுவிட்டு வெளியேறியவரின் வீட்டுப் பத்திரம் கம்பெனிக் கடனுக்கு அடமானமாக வங்கியிலேயே கிடக்கும்; மூன்று ஆண்டுகள் கழித்துக் கம்பெனி தவறினால் நோட்டீஸ் அவருக்கும் வரும். தீர்ப்பாயத்தின் உத்தரவு வங்கியைத் தானாகக் கட்டுப்படுத்தாது. ஜாமீனிலிருந்து விடுவித்ததாக வங்கி தரும் கடிதமும் வீட்டுப் பத்திரமும் கைக்கு வந்த பிறகே ஷேர் மாற்றப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும்.